எம்சிபி யாரைக் காப்பாற்றுகிறது?

வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால், வீட்டில் உடனே ஒரு பதில் வரும்: "எம்சிபி இருக்கே, ஆபத்துன்னா அதுவே டிரிப் ஆயிடும்." ஆகாது. எம்சிபி, அதாவது மெயின் போர்டில் உள்ள தானியங்கி சுவிட்ச், சுவருக்குள் ஓடும் ஒயரின் காவலாளி. தாங்கும் அளவை மீறி மின்னோட்டம் போனால் ஒயரின் உறை உருகித் தீப்பிடிக்கும். அதற்கு முன் துண்டித்துவிடுவது அதன் வேலை. மெஷினைத் தொட்டவருக்கு என்ன ஆனது என்பது அதற்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நமக்கு வருவது 230 வோல்ட். ஈரக்கையோடும் வெறுங்காலோடும் நிற்பவரின் உடல் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், அவர் வழியே பாய்வது 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். ஒரு டேபிள் ஃபேன் எடுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆனால் கையிலிருந்து கால்வரை சில பத்து மில்லியாம்பியர் ஒரு வினாடிக்கு மேல் ஓடினாலே இதயத்தின் ஒழுங்கு குலையக்கூடும்.

கம்பியை உதறிவிடும் திறன் அதற்கும் முன்பே போய்விடும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், 134 ஆண்களையும் 28 பெண்களையும் தன்னார்வலர்களாகக் கொண்டு இதை அளந்தார். பிடித்ததை விட முடிகிற கடைசி அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. மின்சாரம் இரண்டையும் ஒருசேர முறுக்கும்போது மடக்குபவை ஜெயித்து, கை கம்பியை இறுக்கிக்கொள்கிறது.

எர்த் இருந்தால் போதாதா? மூன்று பின்களில் நீளமும் தடிமனுமான பின் கருவியின் இரும்பு உடலை நிலத்தோடு இணைக்கிறது. செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விலகும். உள்ளே மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயர் உரசி உடலைத் தொட்டால் எர்த் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து எம்சிபி விழும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மண்ணின் மின்தடையை அது பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டு எர்த் குழி 8 ஓம், தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 ஓம். பாய்வது 23 ஆம்பியர். வீடுகளில் பொதுவாகப் போடும் சி வகை எம்சிபி, 16 ஆம்பியர் என்றால், கண நேரத்தில் விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியரில் அது விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை மெஷினின் உடலில் 184 வோல்ட் நிற்கும். குழியில் உப்பும் கரியும் கொட்டி வருடக்கணக்கில் தண்ணீரே ஊற்றாத வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம்.

எர்த் குழிக்குச் செலவு செய்ய மனமில்லாமல் சாக்கெட்டின் எர்த் முனையை, மின்சாரம் திரும்பிப்போகும் நியூட்ரல் ஒயரோடு முடிந்துவிடும் வழக்கமும் இருக்கிறது. டெஸ்ட் விளக்கு எரியும், எர்த் இருப்பது போலவே தோன்றும். என்றாவது நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், லைட் வழியாக ஃபேஸ் திரும்பிவந்து அப்படி இணைத்த எல்லாக் கருவிகளின் உடலிலும் ஏறிவிடும். எர்த்தே இல்லாமல் இருப்பது இதைவிட மேல்.

எம்சிபியும் எர்த்தும் விட்டுவைக்கும் ஓட்டையை அடைப்பதுதான் ஆர்சிசிபி, மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச். பலரும் இன்னும் இஎல்சிபி என்றே கேட்டு வாங்குகிறார்கள். அதற்குள் ஒரு காந்த வளையம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. ஃபேஸில் போனதெல்லாம் நியூட்ரலில் திரும்பினால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் மிச்சப் புலம் நிற்கும். வளையத்தில் சுற்றிய தனிச்சுருள் அதை உணர்ந்து சுவிட்சைத் தட்டிவிடும். 30 மில்லியாம்பியர் வகை 15க்கும் 30க்கும் இடையிலேயே விழுந்துவிடும். கசிவு 150ஐத் தாண்டினால் 40 மில்லிவினாடிக்குள். ஷாக்கைத் தடுக்காது, சுருக்கும். எர்த்தும் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும். 100, 300 என்று போட்டவையும் கடையில் உண்டு. அவை தீயைத் தடுப்பதற்கு, ஆளைக் காக்க 30தான்.

ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் தொட்டால் ஆர்சிசிபிக்கும் தெரியாது. அதன் பார்வையில் போனது திரும்பிவிட்டது. அதிகச் சுமையையும் அது கவனிப்பதில்லை. அதனால் எம்சிபியைக் கழற்றவும் முடியாது.

மழைக்காலத்தில் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அலுத்துக்கொண்டு, அதை விலக்கிவிட்டு "டைரக்ட் கொடுத்துடுங்க" என்பவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் ஈரம் ஏறிய சாக்கெட்டோ, உள்ளே ஈரம் உறிஞ்சிய கீசர் எலிமெண்டோ, இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறு லைனோடு கலந்திருப்பதோதான். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினால், கசியும் கருவி தானே மாட்டிக்கொள்ளும். எல்லாம் பிடுங்கிய பிறகும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில். எலக்ட்ரீஷியனிடம் இந்தத் தகவலைச் சொன்னால் பாதி வேலை குறையும்.

ஆர்சிசிபியின் முகத்தில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உள்ளேயே ஒரு சிறு மின்தடை வழியாகப் பொய்க் கசிவை அது உண்டாக்குகிறது. அழுத்தியும் விழாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் எர்த் ஒயர் அறுந்திருந்தாலும் இந்தப் பட்டன் ஒழுங்காக வேலை செய்யும். எர்த்தை அதற்கான மீட்டர் வைத்து எலக்ட்ரீஷியன் தனியாக அளக்க வேண்டும்.