பழைய பாலித்தீன் படகைச் சீர்படுத்துவது: பசை ஏன் பிடிக்காது, போல்ட் ஏன் தளரும்

பழைய சிறு மீன்பிடிப் படகு விலைக்கு வந்தால், அது ஃபைபரா பாலித்தீனா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் ‘பிளாஸ்டிக் படகு’ என்றே சொல்லி விற்பார்கள். உட்புற ஓரத்தில் பிளேடால் மெல்லச் சீவிப் பாருங்கள். பாலித்தீன் மெழுகுபோலச் சுருண்டு வரும், அந்தச் சீவல் தண்ணீரில் மிதக்கும். அதன் அடர்த்தி ஏறத்தாழ 0.94தான். ஃபைபர் பொடியாக உதிரும், மூழ்கிவிடும். இந்த ஒரு சோதனை முக்கியம். ஃபைபருக்குக் கைகொடுக்கும் ரெசின் வைத்தியம் பாலித்தீனில் பலிக்காது.

காரணம் பரப்பு ஆற்றல். பாலித்தீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 31 மில்லிநியூட்டன்; எபாக்சி ரெசினுக்கு 45ஐ ஒட்டி வரும். தன்னைவிடக் குறைந்த ஆற்றல் உள்ள பரப்பில் திரவம் பரவாமல் திரண்டு நிற்கும். அதனால் எபாக்சி காய்ந்த பிறகு வில்லையாகக் கழன்று வரும். சிலிக்கானும் பெயின்ட்டும்கூட நிலைத்துப் பிடிக்காது.

எனவே விரிசலை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். முதலில் சூடான இரும்பை மறைவான ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள். உருகி இளகாமல் கருகினால் அது குறுக்குப் பிணைப்பு உள்ள (மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்த) பாலித்தீன். வெல்டிங்கை அதில் நம்ப முடியாது, அந்தப் படகை விட்டுவிடுவதே நல்லது. உருகினால், விரிசலின் இரு முனையிலும் 4 மி.மீ. துளை போடுங்கள். முனையில் குவியும் அழுத்தம் வட்டத்தில் பரவிவிடும், விரிசல் மேலே ஓடாது. பிறகு தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் பள்ளம் சீவி, வெயிலில் வெளுத்த மேல் படலத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தப் படலம் சரியாகக் கலக்காது. சூட்டுக் காற்றுத் துப்பாக்கியை 280 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, பாலித்தீன் வெல்டிங் கம்பியும் பள்ளமும் ஒருசேரப் பளபளக்கும்போது அழுத்துங்கள். பள்ளம் இளகாமல் கம்பி மட்டும் உருகினால் அது ஒட்டியதுபோல் தெரியும், முதல் அலையில் பிரிந்துவிடும்.

சாமான்கள் பொருத்தும்போதுதான் தவறுகள் அதிகம். பாலித்தீன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.15 மி.மீ. நீளும், அலுமினியம் 0.023 மட்டுமே. 3 மீட்டர் படகு 30 டிகிரி சூடேறினால் 13 மி.மீ.க்கு மேல் நீளும், அதன்மேல் இறுக்கிய அலுமினியப் பட்டையோ 2 மி.மீ.தான் நீளும். எஞ்சும் வேறுபாடு துளைகளை நீள்வட்டமாக்கும் அல்லது படகின் விளிம்பை நெளிய வைக்கும். 1 மீட்டர் பட்டையானால் நடு போல்ட்டை மட்டும் இறுக்கி, மற்ற 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பட்டையில் 10 மி.மீ. நீளத் துளை விடுங்கள். ஒரே நீளப் பட்டைக்குப் பதில் துண்டு துண்டாகப் போடுவது இன்னும் நல்லது.

தானாக மரையிடும் ஸ்குரு வேண்டாம்; பிடுங்கிக்கொள்ளும். 316 வகை எவர்சில்வர் போல்ட், அகல வாஷர், உள்ளே 10 மி.மீ. தடிப்புத் தாங்குபலகை, தளராத நைலான் நட்டு. நீர்க்கசிவைத் தடுப்பது பசை அல்ல, அழுத்தம். ஆகவே பியூட்டைல் நாடாவோ ரப்பர் கேஸ்கட்டோ வையுங்கள். தொடர்ந்த பளுவில் பாலித்தீன் மெதுவாக வழிந்து கொடுப்பதால் முதல் சில வாரங்களில் நட்டுகள் தளரும். மீண்டும் இறுக்க வேண்டும், ஆனால் வாஷர் உள்ளே பதியும் அளவுக்கு அல்ல.

இரட்டைச் சுவர் உள்ள படகில் மிதவை நுரையைச் சோதியுங்கள். மூடிய அறை நுரை (நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியிருப்பது) 1 லிட்டர், ஏறக்குறைய 1 கிலோவைத் தாங்கும். மோட்டாரும் பேட்டரியும் 40 கிலோ என்றால் அதற்கே 40 லிட்டருக்கு மேல் வேண்டும். நீர் ஊறிய நுரையை எடுத்துவிட்டுப் பலகை நுரையைச் செருகுங்கள். இரண்டு திரவம் கலந்து ஊற்றும் நுரை பொங்கும்போது சுவரையே புடைக்க வைத்துவிடும். பெட்ரோல் வைத்திருந்தால் தெர்மோகோல் கூடாது, கரைந்துபோகும்.

12 வோல்ட் மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும், பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தூரம் என்று கொள்வோம். மின்சாரம் போய்வரும் தூரம் 6 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 0.5 வோல்ட் இழப்பாகும். 10 சதுர மி.மீ. என்றால் 0.3தான். வெள்ளீயம் பூசிய கம்பி உப்புக் காற்றைத் தாங்கும். பிரேக்கர் பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் இருக்கட்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய கம்பிக்குப் பாதுகாப்பே கிடையாது. மோட்டாரும் ஆளும் அமரத்தில் (பின்முனையில்) இருந்தால் பேட்டரியை அணியத்துக்கு (முன்முனைக்கு) கொண்டுபோங்கள். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காவிட்டால், முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம்கூட முழுதாக வராது.

சோப்பு நீரைப் படகில் நிற்க விடாதீர்கள்: அழுத்தத்தில் இருக்கும் பாலித்தீனை, குறிப்பாக போல்ட் துளைகளின் ஓரத்தை, அது விரிசல் விட வைக்கும். கழுவி நிறைய நல்ல நீர் ஊற்றுங்கள். ட்ரெய்லரில் உருளைகள் மேல் நிறுத்தினால் வெயிலில் குழி விழும், நீளப் பலகைகள்தாம் சரி. பயணம் முடிந்ததும் கட்டுப் பட்டைகளைத் தளர்த்தி, வடிகால் அடைப்பானைக் கழற்றி, நிழலில் வையுங்கள்.