கையெழுத்துக்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கே போகிறது?

கோவைப் பக்கம் லேத் பட்டறையாகத் தொடங்கி, இன்று சிஎன்சி மெஷின்களோடு வளர்ந்து நிற்கும் ஒரு நிறுவனத்தின் முதலாளி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் கருவிக்கான அலுமினிய உறைகள், வெளிநாட்டு ஆர்டர். "ஈயூசி வந்துருச்சு சார், லைசென்ஸுக்குப் போட்டுடலாமா?" என்றார்.

ஈயூசி என்பது இறுதிப் பயனாளர் சான்றிதழ். 'இந்தப் பொருளை நான்தான் பயன்படுத்துவேன், சொன்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்துவேன், உங்கள் அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், இந்திய அரசு சரிபார்க்க வந்தால் ஒத்துழைப்பேன்' என்று வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் உறுதி. படைக்கலன்களும் அவற்றுக்கென்றே செய்யும் உதிரிபாகங்களும் அனுமதி பெற்றே ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருள்களுக்கான நம் நாட்டின் ஸ்காமெட் பட்டியலில் 6-ஆம் பிரிவில் வருகின்றன. அவற்றுக்கு உரிமம் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. விண்ணப்பத்தோடு இந்தச் சான்றிதழும் போக வேண்டும்.

அவர் கொண்டுவந்த தாளில் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. ஆனால் இறுதிப் பயனாளரின் முகவரியும் சரக்கைப் பெறுபவரின் முகவரியும் ஒன்றே. தேடிப் பார்த்தால் அது ஒரு துறைமுகத்தில் இருக்கும் சரக்குக் கிடங்கு. கிடங்கு துப்பாக்கி சுடுமா? எந்த நாட்டின் எந்தப் படைக்குப் போகிறது என்று எழுதிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த ஏற்றுமதி உரிம வேலைக்கு வந்த புதிதில் நானும் அந்தத் தாளைச் சடங்காகத்தான் பார்த்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கு. 2006 முதல் 2009 வரை ஹெக்லர் அண்ட் கோக் என்ற ஜெர்மன் ஆயுத நிறுவனம் மெக்சிகோவுக்கு ஜி-36 ரகத் துப்பாக்கிகளை அனுப்பியது. மனித உரிமை நிலைமை மோசமாக இருந்ததால் குவெரெரோ, சியாபாஸ், ஹலிஸ்கோ, சிவாவா என்ற நான்கு மாநிலங்களுக்குப் போகக் கூடாது என்பது ஜெர்மன் அரசின் நிலை. தாளில் வேறு மாநிலங்களின் பெயர் இருந்தது. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளோ தடை செய்யப்பட்ட மாநிலங்களுக்கே போய்ச் சேர்ந்தன. 2014-இல் குவெரெரோ மாநிலத்தின் இகுவாலா நகரில் 43 ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் காணாமல் போனார்களே, அந்த நகரத்துக் காவலர்களிடமும் இந்த ரகத் துப்பாக்கிகள் இருந்தது பிறகு தெரியவந்தது. 2019-இல் ஷ்டுட்கார்ட் நீதிமன்றம் முன்னாள் ஊழியர்கள் இருவரைத் தண்டித்தது. நிறுவனம் சுமார் 37 லட்சம் யூரோ கட்ட வேண்டும் என்றது. ஆனால் ஏற்றுமதித் துறையில் இருப்பவர்களை உலுக்கியது தீர்ப்பின் இன்னொரு பகுதி. இறுதிப் பயனாளர் சான்றிதழ் உரிமத்தின் ஒரு பகுதியே அல்ல, அதனால் அதில் பொய் சொன்னதை மட்டும் வைத்து உரிமத்தை மீறியதாகத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். எல்லாரும் பூட்டு என்று நம்பிக்கொண்டிருந்தது கதவில் ஒட்டிய காகிதம்தான் என்று தெரிந்தது.

ஜெர்மனி 2015-இல் கொள்கையை மாற்றியது. அனுப்பிய பிறகு அந்த நாட்டுக்கே நேரில் போய், துப்பாக்கிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்போம் என்றது. 2017-இல் முதல் சோதனைக்கு வந்தது நம் இந்தியாவுக்குத்தான். ஸ்விட்சர்லாந்து 2012-லேயே இதைத் தொடங்கிவிட்டது. அமீரகத்துக்கு விற்ற ஸ்விஸ் கையெறிகுண்டுகள் ஜோர்டான் வழியாகச் சிரியா போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகு.

இந்த வேலையை மிகப் பெரிய அளவில் செய்வது அமெரிக்கா. 1996-இல் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு, கொடுத்த தளவாடங்களைக் கண்காணிப்பதைக் கட்டாயமாக்கியது. அரசே நேரடியாக விற்பவற்றைப் பாதுகாப்புத் துறையின் 'கோல்டன் சென்ட்ரி' திட்டம் பார்க்கிறது. தனியார் நிறுவனங்கள் விற்பவற்றை வெளியுறவுத் துறையின் 'ப்ளூ லேன்டர்ன்' திட்டம் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கெடுபிடி இல்லை. லாரிக்கும் சீருடைக்கும் மேலோட்டமான பார்வை போதும். தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர், டாங்கியைத் தாக்கும் ஜாவலின், விமானத்திலிருந்து விமானத்தைத் தாக்கும் ஆம்ராம் ஏவுகணை, இரவுப் பார்வைக் கருவி போன்றவற்றுக்குத்தான் கடும் சோதனை.

ஸ்டிங்கரை எடுத்துக்கொள்வோம். ஏவுகணை ஒரு கிடங்கில், அதைச் சுடுவதற்கான கைப்பிடிப் பகுதி வேறொரு கிடங்கில். போருக்கோ பயிற்சிக்கோ எடுக்கும்போது மட்டும் இரண்டும் சேரலாம். கிடங்கைத் திறக்க ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் நேரில் படித்துப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். இவ்வளவு கறார் எதற்கு என்றால், ஆப்கானிஸ்தானில் பட்ட சூடு. 1986 முதல், சோவியத் படையோடு போரிட்ட முஜாஹிதீன்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டிங்கர்களைக் கொடுத்தார்கள். சோவியத் படை வெளியேறியதும், அவை பயணிகள் விமானத்தைக் குறிவைக்கலாம் என்ற பயத்தில் சிஐஏ பணம் கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்க அலைந்தது. அப்படியும் நூற்றுக்கணக்கானவை கைக்குக் கிடைக்கவில்லை.

விதி இருந்தும் கணக்கு தவறுவது உண்டு. ஈராக் படைகளுக்கு 2004, 2005 ஆண்டுகளில் கொடுத்த ஆயுதங்களில் சுமார் 1,90,000 துப்பாக்கிகளுக்குச் சரியான பதிவு இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2007-இல் சொன்னது. உக்ரைனில் கடும் சோதனைப் பட்டியலில் இருந்த சுமார் 170 கோடி டாலர் மதிப்புள்ள கருவிகளில், 100 கோடி டாலருக்கும் மேலானவற்றின் கணக்கெடுப்பு காலம் கடந்தும் முடியவில்லை என்று 2024 ஜனவரியில் அறிக்கை வந்தது. இதை வைத்து 'எல்லாம் திருடு போய்விட்டது' என்று பரப்பினார்கள். அது தவறு. குண்டு விழும் முன்னணியில் போய் எண்ணைப் படிக்க முடியவில்லை என்பது ஒரு விஷயம், பொருள் கைமாறிவிட்டது என்பது வேறு விஷயம். அந்த அறிக்கை சொன்னது முதலாவதை மட்டும்தான்.

என் மனதை அதிகம் உறுத்துவது இந்தக் கணக்குக் குறைபாடுகூட இல்லை. கணக்கு சரியாக இருந்தாலும் கேட்கப்படாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு: இதை வைத்து என்ன செய்தீர்கள்?

2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள் நடந்த வான்சண்டை நினைவிருக்கும். பாகிஸ்தானின் எஃப்-16 ஏவியது என்று சொல்லி, ஆம்ராம் ஏவுகணையின் சிதறலை நம் படையினர் ஊடகங்கள் முன் காட்டினார்கள். பாகிஸ்தானின் எஃப்-16 விமானங்களைக் கண்காணிக்க அமெரிக்கத் தொழில்நுட்பக் குழு ஒன்று அங்கேயே இருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் அந்தக் குழுவின் பணியைத் தொடர 12.5 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை பாகிஸ்தான் விமானப்படைக்கு ஒரு கடிதம் எழுதியதாகப் பின்னால் செய்தி வந்தது. அந்தச் செய்தியின்படி, கடிதத்தின் குறை என்ன தெரியுமா? விமானங்களையும் ஏவுகணைகளையும் அனுமதி இல்லாத தளங்களுக்கு மாற்றினீர்கள், அவை வேறு கைக்குப் போகும் ஆபத்து உண்டு என்பது. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்கள். யார் மீது ஏவினீர்கள் என்பது பேச்சாகவில்லை.

ஏமனில் இது இன்னும் வேதனையானது. 2015 முதல் 2021 வரை, அங்கே போர் நடத்திய சவூதிக்கும் அமீரகத்துக்கும் 5,400 கோடி டாலருக்கு மேல் அமெரிக்க ராணுவ உதவி போனது. ஏமன் மக்கள் மீது அந்த ஆயுதங்கள் விழுந்தனவா என்று விசாரித்ததற்கான ஆதாரத்தை அமெரிக்கத் துறைகளால் காட்ட முடியவில்லை என்று 2022-இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் அதே தணிக்கை அமைப்பு எழுதியது. கிடங்கில் இருக்கும் குண்டுக்குத்தான் கணக்கு. விழுந்து வெடித்த குண்டு பட்டியலிலிருந்து 'செலவானது' என்று நீங்கிவிடுகிறது. ஒரு மனிதர் செத்தது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகலாம். வெடித்த குண்டின் கதையையும் கேட்கும் அதிகாரம் இல்லாத கண்காணிப்பை என்னால் முழுக் கண்காணிப்பாக ஏற்க முடியவில்லை. 2023-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, பொதுமக்கள் பாதிக்கப்படும் நிகழ்வுகளை விசாரிக்கத் தனி வழிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. தாமதமாக வந்த நல்ல காரியம்.

வாங்குபவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவிடம் பழைய கப்பல் ஒன்றை வாங்கி ஐஎன்எஸ் ஜலஷ்வா என்று பெயர் வைத்தோம். அதை நம் விருப்பம்போல் தாக்குதலுக்கு அனுப்பத் தடை, அவர்கள் வந்து சோதனையிட உரிமை என்றெல்லாம் நிபந்தனைகள் இருப்பதை 2008-இல் நம் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியபோது பெரிய சர்ச்சையானது. காசு கொடுத்து வாங்கிய பிறகு நம் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்ப்பதா என்ற கோபம். 2009 ஜூலையில் இரு நாடுகளும் ஒரு பொது உடன்பாட்டுக்கு வந்த பிறகு பெரிய கொள்முதல்களுக்கு வழி எளிதானது. (2020 கொரோனா காலத்தில் கொழும்பிலும் மாலேயிலும் தவித்தவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதே ஜலஷ்வாதான்.)

சரி, அந்தக் கோபத்தை அனுபவித்த நாம் இன்று விற்பவர் நாற்காலியில் இருக்கிறோம். 2023-24-இல் நம் பாதுகாப்பு ஏற்றுமதி 21,083 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில், இந்தியக் குண்டுகள் ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் வழியாக உக்ரைனுக்குப் போயின என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நம் வெளியுறவுத் துறை அதை மறுத்தது. இந்தக் கேள்வி இனி திரும்பத் திரும்ப வரும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கிறது. சின்னச் சின்ன நிறுவனங்கள் உள்ளே வருகின்றன. அவர்களிடம் நான் சொல்வது: வாங்குபவரின் படைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று ஒரு கணக்குப் போட்டு, ஆர்டர் அதைவிட ஏன் அதிகம் என்று கேளுங்கள். பொருத்திக் கொடுக்க வேண்டாம், பயிற்சி வேண்டாம், உதிரிபாகம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு இறக்கும் துறைமுகத்தை மாற்றச் சொன்னால் உடனே உரிமம் கொடுத்த இடத்துக்குத் தெரிவியுங்கள். அப்புறம், உங்கள் பொருளில் எண் பொறியுங்கள். எண் இல்லாத பொருளை எந்த அதிகாரி போனாலும் தேட முடியாது.

அந்தக் கோவைக்காரருக்குப் பதில் வரவே இல்லை. இரண்டு முறை நினைவூட்டினார், பிறகு ஆர்டரை விட்டுவிட்டார். நஷ்டம்தான். அந்த மாதம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. இப்போது வேறு நாட்டுக்கு அனுப்புகிறார். ஒவ்வொரு உறையிலும் லேசரில் எண் போடுகிறார். போன முறை போனபோது ஒரு ரிஜிஸ்டரைக் காட்டினார். எண், அனுப்பிய தேதி, எந்தப் படைப்பிரிவு, அவர்கள் கடைசியாக உறுதி செய்த தேதி என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் நான்கு வரிகள் காலியாக இருந்தன. "மெயில் போட்டிருக்கேன் சார், இன்னும் வரலை. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா நேரா போன் பண்ணிடுவேன்" என்றார்.