ஈமேக்ஸ் திரெட்டுகள் ஏன் சேர்ந்து ஓடுவதில்லை?

ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியில் ஒரு திரெட்டை, அதாவது நிரலுக்குள் தனி வரிசையாக ஓடும் வேலையை, உருவாக்கி, பல நொடி பிடிக்கும் கணக்கு ஒன்றை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். பின்னணியில்தானே ஓடுகிறது, நாம் பாட்டுக்குத் தட்டச்சு செய்யலாம் என்று தோன்றும். ஆனால் கணக்கு முடியும்வரை கர்சர் நகராது, அழுத்திய எழுத்து திரைக்கு வராது. எட்டு கோர் உள்ள கணினியிலும் இதே கதைதான். ஒரு கோர் மட்டும் மூச்சுமுட்ட உழைக்கும், மற்ற ஏழும் சும்மா இருக்கும்.

காரணம் ஒரு பூட்டு. ஈமேக்ஸின் சொந்த மொழியான ஈமேக்ஸ் லிஸ்ப்பில் எழுதிய நிரலை ஓட்டும் உரிமை எந்த நேரத்திலும் ஒரே ஒரு திரெட்டிடம்தான் இருக்கும். அந்தப் பொதுப் பூட்டைக் கையில் வைத்திருப்பது ஓடும், மற்றவை நிற்கும். வழக்கமான பைத்தானிலும் இப்படி ஒரு பூட்டு உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அங்கே வேறு திரெட் காத்திருந்தால், ஓடுகிற திரெட்டை ஏறத்தாழ 5 மில்லி நொடிக்கு ஒருமுறை மொழியே விலகச் சொல்லும். ஈமேக்ஸ் அப்படி யாரையும் விலக்குவதில்லை. திரெட் தானாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு: விசைப்பலகைக்காகவோ வேறொரு புராசஸின் (தனியாக ஓடும் நிரலின்) வெளியீட்டுக்காகவோ காத்திருக்கும்போது, மியூட்டெக்ஸுக்காக (திரெட்டுகள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும் பூட்டுக்காக) நிற்கும்போது, இன்னொரு திரெட் முடியட்டும் என்று பார்த்திருக்கும்போது, அல்லது ‘திரெட்-யீல்ட்’ என்று வெளிப்படையாக அழைக்கும்போது. நம் கணக்கு இதில் எதையும் செய்யவில்லை. அதனால் திரையைக் கவனிக்கும் முதன்மைத் திரெட்டுக்குக் கடைசிவரை முறையே வரவில்லை.

சரி, ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? குனு ஈமேக்ஸ் 1985-இல் வந்தது. லிஸ்ப் திரெட்டுகள் 2018-இல், 26.1 பதிப்பில்தான் வந்தன. இடைப்பட்ட முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாமே ‘நான் ஓடும்போது வேறு யாரும் எதையும் தொடமாட்டார்கள்’ என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கை உள்கட்டமைப்பிலேயே ஊறியிருக்கிறது.

பஃபரை, அதாவது நாம் திருத்தும் உரையை ஈமேக்ஸ் வைத்திருக்கும் இடத்தை, எடுத்துக்கொள்வோம். அதன் உரை முழுவதும் நினைவகத்தில் ஒரே நீளத் தொகுதி. நடுவில் எங்கோ ஒரு காலி இடைவெளி. எங்கே எழுத்தைச் சேர்க்கிறோமோ அங்கே அந்த இடைவெளி நகர்த்தப்படும். அப்போது வழியிலுள்ள எழுத்துகள் மறுபக்கத்துக்கு நகலாகும். உரைத் திருத்தத்துக்கு அருமையான ஏற்பாடு இது. ஆனால் ஒரு திரெட் இடைவெளியை நகர்த்திக்கொண்டிருக்கும் அதே கணத்தில் இன்னொன்று அந்த உரையைப் படித்தால், பாதி பழைய இடத்திலும் பாதி புது இடத்திலுமாகக் குப்பைதான் கிடைக்கும்.

டைனமிக் மாறிகள் இன்னும் சிக்கல். தேடலில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமா என்பதை ‘கேஸ்-ஃபோல்ட்-சர்ச்’ என்ற மாறி சொல்கிறது. ஒரு நிரல் அதை ‘லெட்’ போட்டுத் தற்காலிகமாக மாற்றினால், அது அழைக்கும் அத்தனை செயல்கூறுகளும் புது மதிப்பைத்தான் பார்க்கும். ஈமேக்ஸின் வளைந்துகொடுக்கும் தன்மையில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. இந்த மாற்றம் பக்கத்துத் திரெட்டுக்குக் கசியக் கூடாது. அதனால் திரெட் மாறும் ஒவ்வொரு முறையும், விலகும் திரெட்டின் தற்காலிக மதிப்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, வரும் திரெட்டின் மதிப்புகளை ஈமேக்ஸ் மாட்டுகிறது. பொறுமையான, நேர்த்தியான தீர்வு என்றே இதைச் சொல்வேன். ஆனால் ஒரே சமயத்தில் ஒரு திரெட் மட்டும் ஓடினால்தான் இது செல்லும்.

பூட்டு இருக்கிறதே, இனி பயமில்லை என்று இருந்துவிடவும் முடியாது. நடப்பு பஃபர் எது என்பது ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி. ஆனால் ‘பாயின்ட்’, அதாவது பஃபருக்குள் நாம் நிற்கும் இடம், பஃபரின் சொத்து. பின்னணித் திரெட் ஒன்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் பஃபரிலேயே தேடிக்கொண்டு போய், நடுவில் விட்டுக்கொடுத்தால், உங்கள் கர்சர் எங்கோ தாவி நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு வரியை அழித்தால், திரெட் திரும்பி வந்து எண்ணாகக் குறித்துவைத்த இடத்தில் வேறு எழுத்து இருக்கும். மியூட்டெக்ஸ் இங்கே உதவாது, விசைப்பலகையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் மியூட்டெக்ஸைக் கேட்டுவிட்டு எழுதுவதில்லை.

அப்புறம் இந்தத் திரெட்டுகளால் என்னதான் பயன்? காத்திருப்பதற்கு நன்றாக உதவும். பிணையத்திலிருந்து பதில் வாங்கி, அதை வைத்து அடுத்த கேள்வி அனுப்பி, அதன் பதிலுக்குக் காத்திருக்கும் வேலையை மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் எழுதலாம். கால்பேக்குக்குள் (பதில் வந்ததும் அழைக்கப்படும் செயல்கூறுக்குள்) கால்பேக் என்று சிதறவிட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரு புராசஸை எந்தத் திரெட் உருவாக்கியதோ, அதன் வெளியீட்டை வாங்கும் உரிமை இயல்பாக அந்தத் திரெட்டுக்குத்தான்.

உண்மையான கணக்கு வேலைக்குத் தனிப் புராசஸ்தான் சரி. மொழி சேவையகங்களோடு, அதாவது நாம் எழுதும் நிரலை அலசிச் சொல்லும் தனி நிரல்களோடு, பேசும் எக்லாட் என்ற ஈமேக்ஸ் தொகுப்பு அந்த வழியில்தான் போகிறது. கனமான அலசல் வெளியே நடக்கும். ஈமேக்ஸ் சும்மா இருக்கும் வேளையில் வெளியீட்டில் வந்து சேர்ந்த துண்டு, அதை வாங்கிக்கொள்ளும் ‘ஃபில்டர்’ செயல்கூறுக்குப் போகும். துண்டு என்று சொல்லக் காரணம் உண்டு: வெளியீடு வரிவரியாக வரும் என்ற உறுதி இல்லை. பாதி வரியோடு ஃபில்டர் அழைக்கப்படலாம், மீதி வரும்வரை அதை எடுத்துவைக்க வேண்டும். லிஸ்ப் நிரலையே வெளியே ஓட்ட வேண்டுமானால் ‘அசின்க்’ தொகுப்பு இன்னொரு ஈமேக்ஸைத் திரையில்லாமல் கிளப்பி வேலையை ஒப்படைக்கும். எண், சரம், பட்டியல் என உரையாக எழுதித் திரும்பப் படிக்கக்கூடியவை மட்டுமே இரண்டுக்கும் நடுவே போய்வரும். ஒரு பஃபரை அப்படியே அனுப்ப முடியாது.

வேலையைப் பஃபருக்குள்ளேயே செய்தாக வேண்டிய கட்டாயமும் வரும். பெரிய கோப்பு முழுவதிலும் ஒரு குறிப்பைத் தேடி வண்ணமிடுவது போல. அப்போது சில நூறு வரிக்கு ஒருமுறை விட்டுக்கொடுங்கள். விட்டுக்கொடுக்கும் முன் பாயின்டைப் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். நிறுத்திய இடத்தை எண்ணாக வைக்காமல் மார்க்கராக வையுங்கள். உரை கூடினாலும் குறைந்தாலும் மார்க்கர் உரையோடு சேர்ந்து நகரும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தப் பஃபர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் பயனர் அதை மூடியிருக்கலாம்.