நியோ ஜியோ: ஆட்டம் ஒன்றுதான், கேட்ரிட்ஜ் ஒன்றல்ல

நியோ ஜியோ என்பது எஸ்என்கே கம்பெனியின் பழைய கேம் மெஷின். கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் வடிவம் எம்விஎஸ், வீட்டு வடிவம் ஏஇஎஸ், இரண்டிலும் ஆட்டத்தை கேட்ரிட்ஜாகச் செருக வேண்டும். மறுபடியும் ஒரு மாற்றிக் கட்டிய கேட்ரிட்ஜ் கண்ணில் பட்டது, இந்த முறை மெட்டல் ஸ்லக் ஆட்டம். வீட்டு மெஷினுக்கான ஏஇஎஸ் பெட்டி, அட்டை, கையேடு எல்லாம் பளபளவென்று இருக்கிறது, திறந்து பார்த்தால் உள்ளே ஆர்கேட் கேட்ரிட்ஜிலிருந்து பிடுங்கிய சிப்கள், இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒயர், சால்டர் வைக்கும்போது பூசிய ஃப்ளக்ஸைக்கூடத் துடைக்கவில்லை. வாங்கியவர் கொடுத்ததோ ஒரிஜினல் விலை. எம்விஎஸ் கேட்ரிட்ஜைவிட ஏஇஎஸ் பல மடங்கு விலை போவதால்தான் இந்த வேலையே நடக்கிறது.

கேட்டால் விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் சொல்வார்: "ரெண்டும் ஒண்ணுதானே?" இல்லை. எத்தனை தடவை சொல்வது! எஸ்என்கே 1990இல் எம்விஎஸ், ஏஇஎஸ் இரண்டையும் கொண்டுவந்தபோது இரண்டிலும் அதே 68000 பிராசசர், அதே இசட்80 பிராசசர், அதே யமஹா ஒலிச் சிப். ஆட்டத்தின் டேட்டாவும் அதேதான். காசு கேட்கும் ஆர்கேட் ஆட்டமாக ஓடுவதா, மெனுவோடு வீட்டு ஆட்டமாக ஓடுவதா என்பதை மெஷினில் இருக்கும் பயாஸை, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளைப் பார்த்து ஆட்டமே முடிவுசெய்துகொள்ளும். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் போர்டு வேறு, பின் வரிசை வேறு. படத்தின் டேட்டாவைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து அனுப்பும் சிப் எம்விஎஸ்ஸில் மதர்போர்டில் உட்கார்ந்திருக்கிறது, ஏஇஎஸ்ஸில் அது ஒவ்வொரு கேட்ரிட்ஜுக்குள்ளும் இருக்கிறது. அதனால் வெறும் ஒயரை மாற்றி இணைத்துவிட்டால் போதும் என்ற கதை நடக்காது. எம்விஎஸ் கேட்ரிட்ஜை ஏஇஎஸ்ஸில் ஓட்டும் கன்வர்ட்டரும் அந்த வேலையைத் தானே செய்தாக வேண்டும், இங்கே கஞ்சத்தனம் பண்ணிய மலிவு கன்வர்ட்டர்களில்தான் படம் சிதைகிறது. பின்னாளில் வந்த, பாதுகாப்புச் சிப் வைத்த ஆட்டங்களில் தொல்லை இன்னும் அதிகம். எந்தெந்த ஆட்டம் ஓடும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஏஇஎஸ் என்று சொல்லி யாராவது விற்றால் உள்ளே போர்டின் படத்தைக் கேளுங்கள். ஒரிஜினலில் போர்டின் மேலேயே "நியோ-ஏஇஜி" என்று அச்சாகியிருக்கும், எம்விஎஸ் என்றால் "நியோ-எம்விஎஸ்". ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மாற்றிக் கட்டுபவர்கள் பெரும்பாலும் மலிவான ஒரு நிஜ ஏஇஎஸ் போர்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கையால் வைத்த சால்டர், கூடுதல் ஒயர், புதிதாக ஒட்டிய லேபிள், இதையும் பாருங்கள். படம் தர மறுத்தால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இது கெஞ்சல்தான். இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல ஏஇஎஸ் ஆட்டம் செத்துப்போகிறது. விலை போகாத ஸ்போர்ட்ஸ் ஆட்டம் என்பதற்காக அதன் சிப்களைப் பிடுங்கி எறிகிறார்கள். 2004இல் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் வந்தது, போன ஒரிஜினல் திரும்பி வராது. விளையாடத்தான் ஆசை என்றால் எம்விஎஸ் கேட்ரிட்ஜையும் நல்ல கன்வர்ட்டரையும் வாங்குங்கள். இல்லையென்றால் எம்விஎஸ் போர்டே வாங்கி யூனிபயாஸ் என்ற மாற்று பயாஸைப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டு மோடுக்கு அதிலேயே மாறலாம்.

அப்படி எம்விஎஸ் போர்டு வாங்கினால் முதல் நாளே பல போர்டுகளில் இருக்கும் 3.6 வோல்ட் பேட்டரி அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது கசிந்து பக்கத்துத் தடங்களைத் தின்றுவிடும், "நேத்துவரைக்கும் ஓடுச்சு" என்று வரும் போர்டுகளில் பாதி இந்தக் கேஸ்தான். கழற்றிவிடுங்கள். அப்புறம், மெஷின் ஆனில் இருக்கும்போது கேட்ரிட்ஜை உருவாதீர்கள், செருகாதீர்கள்.