இழுப்பு: வலிப்பா, மூச்சிரைப்பா?

"பிள்ளைக்கு இழுப்பு" என்று அவசரப் பிரிவுக்குள் ஓடிவருபவர் மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: கை கால் வெட்டி இழுப்பது, மூச்சு இரைப்பது, அல்லது மூச்சு வாங்கும்போது விலா உள்ளே குழிவது.

இழு என்ற வினையடியாகப் பிறந்தது இழுப்பு. வலிப்பும் அதே பொருளில் வந்ததுதான். வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்பு வலிக்கிறோம் அல்லவா? தசை இழுப்பதற்கும் மூச்சு இழுப்பதற்கும் ஒரே சொல் நின்றுவிட்டது. ஜன்னி அதைவிட மோசம். சன்னிபாதம் என்ற வடசொல்லிலிருந்து வந்த அது, காய்ச்சல் பிதற்றலையும் குறிக்கும், காய்ச்சலில் வரும் வலிப்பையும் குறிக்கும்.

ஃபிட்ஸுக்கு வலிப்பு, வீசிங்குக்கு மூச்சிரைப்பு, விலா குழிவதற்கு நெஞ்சு உள்வாங்குதல் என்று பிரித்து எழுதுவதே சரி. கேஸ் ஷீட்டில் வெறும் 'இழுப்பு' கூடாது. பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "இழுத்தபோது கூப்பிட்டால் பார்த்தானா?" பார்த்தான் என்றால் பெரும்பாலும் வலிப்பு அல்ல, குளிர் நடுக்கமாகவும் இருக்கலாம். போனில் வீடியோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயது வரை வரும். பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஆக்சிஜன் கொடுத்து உடனே சர்க்கரை பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் மருந்தான மிடசோலம், மூக்கில் கிலோவுக்கு 0.2 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 2.4 மி.கி.; மி.லி.க்கு 5 மி.கி. உள்ள மருந்தில் அரை மி.லி.க்குச் சற்றுக் குறைவு, இரு நாசியிலும் பாதிப் பாதி. மி.லி.க்கு 1 மி.கி. செறிவுள்ள மருந்தை எடுத்தால் 2.4 மி.லி. ஆகிவிடும், மூக்கில் நிற்காமல் தொண்டைக்குள் வழிந்து வீணாகும். இரத்தக் குழாயில் ஊசி வழி கிடைத்தால் அதே வகை மருந்தான லோராசிபம், கிலோவுக்கு 0.1 மி.கி., உச்சம் 4 மி.கி. இன்னும் 5 நிமிடம் நிற்காவிட்டால் மேலும் ஒரே ஒரு டோஸ். மூன்றாவது டோஸ் மூச்சை அடக்கிவிடக்கூடும். அதற்குப் பதில் வேறு வகை வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம், கிலோவுக்கு 40 மி.கி. பாராசிட்டமால் அடுத்த வலிப்பைத் தடுக்காது, ஆறுதலுக்குத்தான். கழுத்து விறைப்போ, தெளியாத மயக்கமோ இருந்தால் மூளைக்காய்ச்சலைத் தேடாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மூச்சிரைப்பில் சத்தம் மூச்சு விடும்போது கேட்கும். 20 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு நெபுலைசரில் (மருந்தைப் புகையாக்கித் தரும் கருவி) மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் 2.5 மி.கி., முதல் மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கொரு முறை. கூடவே ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன், கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. சோர்ந்த குழந்தையிடம் சத்தம் திடீரென நின்றால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம், காற்றே போகவில்லை என்று பொருள்.

ஒரு வயதுக்குள், சளியோடு நெஞ்சு உள்வாங்கினால் பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுண் மூச்சுக்குழாய் அழற்சி. அதற்குச் சால்புட்டமால் உதவாது; மூக்கடைப்பை உறிஞ்சி எடுப்பது, தேவைக்கு ஆக்சிஜன், பால் குடிக்காவிட்டால் குழாய் வழி உணவு. இவ்வளவுதான் சிகிச்சை.