பழம்தானே, பிள்ளை!

ஆடி மாதம் என்றால் எங்கள் நீரிழிவு கிளினிக்குக்கு வருபவர்களில் பலருடைய வீட்டில் கனடாவிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கொப்பியில் எழுதிய இரத்தச் சீனி அளவும் கொஞ்சம் ஏறியே இருக்கும். போன வருடம் நல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 280 காட்டியது.

"என்ன அம்மா சாப்பிட்டனீங்கள்?"

"மகள் கொப்ளர் எண்டு ஒண்டு செய்தவள். பழம்தானே பிள்ளை, மா கொஞ்சம் ஊத்தினதுதான்."

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் போட்டு அவணில் வைத்ததாம். கேட்ட எனக்கே வாயூறியது.

கொப்ளர் அமெரிக்காவில் குடியேறியவர்களின் சமையல். அவண் இல்லாத இடத்தில் கனத்த இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவை இட்டு, மூடிக்கு மேலும் தணல் பரப்பி வேக வைத்தார்கள். இப்போதைய செய்முறை இன்னும் சுலபம். உருக்கிய பட்டரைத் தட்டில் ஊற்றி, ஒரு கப் மா, ஒரு கப் சீனி, ஒரு கப் பால், பேக்கிங் பவுடர் கரைத்து அதன்மேல் விட்டு, பழத்தைப் பரப்ப வேண்டும். கிளறக் கூடாது. 180 பாகை செல்சியஸில் முக்கால் மணி நேரம் வைத்தால் மா பொங்கிப் பழத்தைச் சுற்றி மேலே வரும். பழத்தோடு பிசறுவதற்கு இன்னொரு கப் சீனி. இந்த இரண்டாவது கப்பைத்தான் யாரும் என்னிடம் சொல்வதில்லை!

ஒரு கப் சீனி ஏறக்குறைய 200 கிராம். இரண்டு கப்பை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு முழு நாளுக்குமான சேர்த்த சீனியின் மேல் எல்லையே அவ்வளவுதான். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறார்கள். மாம்பழத்தின் சொந்த இனிப்பும் கோதுமை மாவும் இந்தக் கணக்கில் இல்லை. மேலே ஐஸ்கிரீம் வைத்தால் அது வேறு.

சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் சரியா என்று கேட்பவர்கள் நிறைய. எங்கள் ஊர்ப் பொருள் என்பதால் இல்லை என்று சொல்ல மனம் வராது, ஆனாலும் அதில் பெரும்பங்கு சீனிதான். கோதுமைக்குப் பதில் போடும் குரக்கன் மாவும் மாச்சத்துத்தான், நார் கொஞ்சம் கூட, அவ்வளவே.

எனக்கு உண்மையில் பயம் வேறொன்றில். இனிப்புச் சாப்பிடப் போகிறோம் என்று நீரிழிவுக் குளிசை ஒன்றைக் கூடுதலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் வழமையான குளிசையைப் போட்டுவிட்டு, சோற்றை விட்டு ஒரு துண்டு கொப்ளரோடு படுத்துவிடுவார்கள். கிளிக்லசைட் போன்ற குளிசைகள் பல மணி நேரம் வேலை செய்யும். கொப்ளரின் சீனி ஏறி இறங்கிய பிறகும் மருந்து அதை இறக்கிக்கொண்டே இருக்கும். நடுச்சாமத்தில் இரத்தச் சீனி மிகவும் குறைந்து, வியர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறும். வீட்டார் அதைக் களைப்பு என்று நினைத்துப் படுக்க விடுகிறார்கள். அப்படி வந்தால், ஆள் நினைவோடு இருந்து விழுங்க முடியுமானால், உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

கொப்ளரே வேண்டாம் என்று அந்த அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. மகள் வருவதே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கறுத்தக்கொழும்பான் நன்றாகப் பழுத்திருந்தால் பழத்துக்குச் சீனியே வேண்டாம், தேசிக்காய்ப்புளியும் ஏலக்காயும் போதும். மாவுக்குக் கால் கப் சீனி. மேற்பக்கம் அவ்வளவு சிவக்காது, கொஞ்சம் வறண்டும் போகும். ஒரு கரண்டி கட்டித் தயிர் வைத்தால் தெரியாது. இராத்திரியில் அல்ல, மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி அதன் பின்னால் ஒரு சின்னத் துண்டு. குளிசை வழமைபோல.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு டப்பாவில் எனக்கும் கொண்டுவந்தார். தேசிக்காய்ப்புளி கொஞ்சம் கூடிவிட்டது.