ஒட்டும் விசையா, தங்கு விசையா?

பக்கவாதத்தில் வலது கை ஓய்ந்துபோன ஒரு பெரியவருக்குக் கணினி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ்க் கையேட்டில் இருந்தபடியே ‘ஒட்டும் விசைகளை இயக்கவும்’ என்று படித்தேன். அவர் குனிந்து விசைப்பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, காப்பி கீப்பி கொட்டிருச்சா?” என்றார். பிழை அவருடையதல்ல.

‘ஸ்டிக்கி கீஸ்’ என்ற ஆங்கிலப் பெயரைத்தான் கையேடு அப்படி மொழிபெயர்த்திருந்தது. இரண்டு விசைகளை ஒருசேர அழுத்த முடியாதவர்களுக்கான வசதி அது. ஷிஃப்டைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம். அடுத்த எழுத்தைத் தட்டும்வரை அதன் வேலை அப்படியே காத்திருக்கும். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுக்கும் இதே கதைதான். விண்டோசில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் இதை இயக்கவா என்று கேட்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ட்ரேஸ் மையம் உருவாக்கிய இத்தகைய வசதிகள் விண்டோஸ் 95இலேயே உள்ளே வந்துவிட்டன.

‘ஸ்டிக்’ பழைய ஆங்கிலத்தில் குத்துவது. குத்தியது அங்கேயே நிற்கும், அதனால் நிலைத்திருப்பது என்ற பொருளும் வந்தது. பசைபோல் ஒட்டுவதும் அதே சொல்லுக்குள் அடங்கிற்று. நம் மொழிபெயர்ப்பாளர் பசையைப் பிடித்துக்கொண்டார், நிலைப்பை விட்டுவிட்டார்.

முன்னொட்டு, பின்னொட்டு என்கிறோமே, ஷிஃப்டும் அடுத்த எழுத்தோடு ஒட்டத்தானே செய்கிறது என்று ஒரு நண்பர் வாதாடினார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் ஷிஃப்ட் எப்போதுமே அடுத்த விசையோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. அது இந்த வசதிக்கே உரிய குணமல்ல. விரலை எடுத்த பிறகும் போகாமல் இருப்பதுதான் இங்கே புதிது. அப்புறம், இலக்கணம் படித்தவருக்கு மட்டும் புரிகிற ‘ஒட்டு’ அந்தப் பெரியவருக்கு எதற்கு? திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைக் காதால் கேட்பவரை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் படமோ சின்னமோ அவருக்கு உதவாது. காதில் விழும் சொல்தான் எல்லாம். ‘ஒட்டும் விசைகள்’ என்று கேட்டால் விசை பழுது என்றுதான் அவரும் நினைப்பார்.

‘நிலைத்த விசை’ என்றும் பார்த்திருக்கிறேன். அதுவும் சரியில்லை. ஒருமுறை தட்டினால் அடுத்த எழுத்தோடு விலகிவிடும். இருமுறை தட்டினால்தான் விடாமல் நிற்கும். அதை வேண்டுமானால் ‘பூட்டுவது’ என்று சொல்லிக்கொள்ளலாம். என் பரிந்துரை ‘தங்கு விசை’. விருந்தாளி ஓர் இரவு தங்கிப் போவதுபோல, வந்த வேலை முடியும்வரை இருந்துவிட்டுப் போகும். எந்த அகராதியும் தேவையில்லை.

இதில் மட்டுமா குளறுபடி? கை நடுங்குபவர்களுக்காக, தெரியாமல் பட்ட தொடுகையைப் பொருட்படுத்தாமல் விடும் வசதிக்கு ‘மெதுவான விசைகள்’ என்று பெயர். விசை எங்கே மெதுவாயிற்று? அழுத்திப் பிடித்தால்தான் ஏற்கும், அவ்வளவே. திரையைப் பார்க்காமல், வசதியை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல், சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் இப்படித்தான் வரும். ஒரு கையைக் கட்டிக்கொண்டு கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஐபிஎம்மில் பொறியாளராக இருந்த டேவிட் பிராட்லி இந்தக் கூட்டணியை அமைத்ததே, கைதவறி யாரும் கணினியை மறுதொடக்கம் செய்துவிடக் கூடாது என்றுதான்; அன்றைய விசைப்பலகையில் அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையில் ஜ, ஸ, ஷ, ஹ எல்லாம் ஷிஃப்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. தனித்தமிழ் எழுதுபவருக்குக் கவலையில்லை! நம் பெரியவரின் பெயரிலோ ஒரு ஜ. “ஷிஃப்டைத் தட்டிட்டு விட்டுடுங்க ஐயா, அது தங்கும்” என்றேன். இடது கை ஆள்காட்டி விரலால் ஷிஃப்டைத் தட்டினார், விரலை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், பிறகு ‘ஊ’ விசையைத் தட்டினார். ஜ வந்தது. “அட, தங்குதே!” என்றார்.